நோட்டரி உண்மையானவரா, நோட்டரி போட்ட பத்திரம் சரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பதால் என்னிடம் வருகிற சந்தேகங்களில் பாதி நோட்டரி பற்றியதுதான். ஒரு தாளை நீட்டி, "சீல் இருக்கு, நம்பலாமா?" என்பார்கள். சிலர் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறார்கள். பலர் கொடுத்த பிறகு கேட்கிறார்கள். முன்னாலேயே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

இங்கே சொல்வது இந்தியச் சட்டப்படி, குறிப்பாகத் தமிழ்நாட்டு நடைமுறைப்படி. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. நோட்டரின்னா யாரு? கோர்ட் வாசல்ல உட்கார்ந்திருக்கிற எந்த வக்கீலும் போடலாமா?

போட முடியாது. நோட்டரிகள் சட்டம், 1952-இன் கீழ் மத்திய அரசோ மாநில அரசோ நியமித்தவர்தான் நோட்டரி. வக்கீலாகக் குறைந்தது 10 ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டு போதும். நியமனம் ஆனதும் அரசு தன் பதிவேட்டில் பெயரை ஏற்றி, தொழில் நடத்துவதற்கான சான்றிதழ் ஒன்றைத் தரும். அதன் ஆயுள் 5 ஆண்டு. அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும்.

அதனால் கறுப்புக் கோட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அரசாங்கத் தாள்களில் 'சான்றுறுதி அலுவலர்' என்று இருக்கும். அது இவரைத்தான் குறிக்கிறது.

2. நோட்டரி போட்டாச்சுன்னா அதுல எழுதியிருக்கிறது உண்மைன்னு அர்த்தமா?

இல்லை. எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான். இன்ன ஆள், இன்ன தேதியில், என் முன்னால் வந்து, இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி. அஃபிடவிட் என்றால், சத்தியம் செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்பது கூடுதலாகச் சேரும். தாளில் எழுதியிருக்கும் விஷயத்துக்கு அவர் பொறுப்பு ஏற்பதில்லை.

"என் தகப்பனாருக்கு நான் ஒரே வாரிசு" என்று ஒருவர் அஃபிடவிட் எழுதி நோட்டரி வாங்கிவிடலாம். அவருக்கு இரண்டு அக்கா இருப்பது நோட்டரிக்குத் தெரிய வழியில்லை. வாரிசு யார் என்று பார்க்க தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். சீலைப் பார்த்ததும் எழுத்தை வாசிக்காமல் நம்பிவிடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

3. சீல்ல என்னென்ன இருக்கணும்?

நோட்டரிகள் விதிகள், 1956-இல் இது தெளிவாக இருக்கிறது. அலங்காரம் இல்லாத வட்ட முத்திரை, குறுக்களவு 5 சென்டிமீட்டர். அதில் நோட்டரியின் பெயர், எந்தப் பகுதிக்கு நியமிக்கப்பட்டாரோ அந்தப் பகுதியின் பெயர், வட்டத்தைச் சுற்றி 'நோட்டரி' என்ற சொல், நியமித்த அரசின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். பகுதியின் பெயர் இல்லாத சீல், 'அட்வகேட் அண்ட் நோட்டரி' என்று மட்டும் போட்ட நீள்சதுர ரப்பர் ஸ்டாம்ப் ஆகியவற்றைக் கண்டால் மேற்கொண்டு விசாரிக்காமல் விடாதீர்கள்.

சீல் மட்டும் இருந்தாலும் போதாது. நோட்டரியின் கையெழுத்தும் அதிகார முத்திரையும் இரண்டும் சேர்ந்தால்தான் அது நோட்டரி செய்த காரியம் என்று சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. இவற்றோடு தேதி, பதிவேட்டு வரிசை எண், ஒட்டிய நோட்டரி ஸ்டாம்ப் ஆகியவற்றையும் நான் பார்ப்பேன். ஸ்டாம்ப்மேல் குறுக்காகக் கையெழுத்தோ சீலோ விழுந்திருக்க வேண்டும். பாதி தாளிலும் பாதி ஸ்டாம்பிலும் அது தெரிந்தால், ஸ்டாம்பைப் பிய்த்து வேறு தாளில் ஒட்டவில்லை என்று ஒரு நிம்மதி.

4. சிங்க முத்திரையும் 'கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா'ன்னும் இருக்கு. அப்ப இது பெரிய நோட்டரியா?

பெரியது சின்னது என்று எதுவும் கிடையாது. மத்திய அரசு நியமித்தவரும் உண்டு, தமிழ்நாடு அரசு நியமித்தவரும் உண்டு. இருவரும் போடுவதற்குச் சட்டத்தில் ஒரே மதிப்புதான். யார் நியமித்தார்கள், எந்தப் பகுதிக்கு என்பதில்தான் வித்தியாசம்.

முத்திரையில் சிங்கத் தலை இருக்க வேண்டும் என்று விதி எங்கேயும் சொல்லவில்லை. அது இருப்பதால் மதிப்புக் கூடிவிடாது.

5. சரி, இவர் நிஜமாவே நோட்டரியா இல்லையான்னு எங்கே போய்ப் பார்க்கிறது?

முதலில் சீலில் பாருங்கள், நியமித்தது மத்திய அரசா மாநில அரசா என்று. இரண்டு அரசும் தனித்தனிப் பதிவேடு வைத்திருப்பதால் தேடும் இடமும் மாறும். மத்திய அரசு நோட்டரி என்றால் டெல்லியில் சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறை. அந்தத் துறை நோட்டரிகளுக்கென்று 2024-இல் தனி இணையதளமே தொடங்கியிருக்கிறது. விண்ணப்பம், புதுப்பித்தல், டிஜிட்டல் கையெழுத்திட்ட சான்றிதழ் எல்லாம் அதன் வழியாகத்தான். தமிழ்நாடு அரசு நோட்டரி என்றால் சென்னை தலைமைச் செயலகத்தில் உள்ள சட்டத் துறை. இது தவிர, ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தந்த அரசு தன் நோட்டரிகளின் பட்டியலை அரசிதழில் வெளியிட வேண்டும் என்பது சட்டத்தின் 6-ஆம் பிரிவு.

விவகாரம் பெரிது, கையில் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. "உங்களிடம் நோட்டரி யார் யார்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்தப் பெயரில், இந்தப் பதிவெண்ணில், இந்தத் தேதியில் ஒருவர் நோட்டரியாக இருந்தாரா, அவருக்கு ஒதுக்கிய பகுதி எது, சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறிப்பாகக் கேளுங்கள். அந்தப் பதில் பின்னால் கோர்ட்டிலும் கைகொடுக்கும்.

பார் கவுன்சிலில் விசாரித்து வந்து "பேர் இருக்கு" என்பார்கள் சிலர். அது அவர் வக்கீல் என்பதற்குத்தான் ஆதாரம், நோட்டரி என்பதற்கு இல்லை.

6. அவர்கிட்டயே சர்டிபிகேட் காட்டச் சொன்னா கோவிச்சுக்க மாட்டாரா?

ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பலர் ஆபீஸ் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். கட்டணப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், வாங்கிய பணத்துக்கு ரசீது தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. "சார், கடைசியா எப்போ புதுப்பிச்சீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ரசீதையும் கேட்டு வாங்குங்கள். தேதியோடு கூடிய ரசீது பின்னால் நல்ல சாட்சி.

7. லிஸ்ட்ல பேரைக் காணோம். போலின்னு முடிவு பண்ணிடலாமா?

அவசரப்பட வேண்டாம். மாநில அரசு நோட்டரியை மத்திய அரசுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. ஜனவரிக்குப் பிறகு நியமனம் ஆனவர் அந்த ஆண்டின் பட்டியலில் இருக்க மாட்டார். பெயரின் முன்னெழுத்தை ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் போட்டிருப்பார்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். பதிவெண்ணை வைத்துத் தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் 5-ஆவது கேள்வியில் சொன்ன மனுதான் வழி.

8. அவர் சர்டிபிகேட் காலம் முடிஞ்சுபோச்சாம். அவர் போட்டதெல்லாம் செல்லாதா?

எந்தத் தேதியில் போட்டார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். போட்ட நாளில் சான்றிதழ் உயிரோடு இருந்தால் பிரச்சினை இல்லை. பிற்பாடு அது காலாவதியானாலும், அவர் ஓய்வெடுத்துக்கொண்டாலும், இறந்தே போனாலும் முன்பு போட்டது போட்டதுதான். அந்தத் தாளுக்குத் தனியாக ஒரு காலாவதித் தேதி கிடையாது. பாங்குக்காரரோ பாஸ்போர்ட் ஆபீசோ 'சமீபத்திய அஃபிடவிட் வேண்டும்' என்று கேட்பது அவர்கள் நடைமுறை.

சான்றிதழ் இல்லாத காலத்தில் போட்டிருந்தால் அது சட்டப்படி நோட்டரி செய்த காரியமே இல்லை. 9-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. புதிதாக ஒன்று எழுதிச் சரியான நோட்டரியிடம் போட்டுக்கொள்வதே நல்லது.

9. நோட்டரி ரெஜிஸ்டர்னு சொல்றாங்களே, அது என்ன? நான் பார்க்க முடியுமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நோட்டரியும் தான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். வரிசை எண், தேதி, என்ன காரியம், யாருக்குச் செய்தது, வாங்கிய கட்டணம், ஒட்டிய ஸ்டாம்ப் என்று கட்டம் கட்டமாக இருக்கும். வந்தவர் அதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார். அந்த வரிசை எண்தான் உங்கள் தாளிலும் ஏறுகிறது. ரப்பர் ஸ்டாம்ப் கடையில் எந்தச் சீலையும் செய்துவிடலாம். ஆனால் நோட்டரியின் ஆபீசில் இருக்கும் பதிவேட்டில், முந்தின வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், பழைய தேதியில் ஒரு வரியைச் செருகுவது லேசான வேலை இல்லை.

ஆகவே ஒரு பத்திரத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் அதன் நகலோடு நோட்டரியின் ஆபீசுக்கே போங்கள். "இந்த எண், இந்தத் தேதி, உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். எண் இருந்து பெயர் வேறாக இருக்கலாம். பெயர் இருந்து காரியம் வேறாக இருக்கலாம். வாடகை ஒப்பந்தத்துக்குப் போட்ட எண்ணைப் பவர் பத்திரத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதனால் எண், தேதி, பெயர், காரியம் நான்கும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

சம்பந்தப்பட்டவர் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். சம்பந்தமே இல்லாதவருக்கு மற்றவர்கள் விவரத்தைத் திறந்து காட்டத் தயங்குவது நியாயம்தான். வழக்கு என்று வந்துவிட்டால் பதிவேட்டோடு அவரையே சாட்சியாக வரச் சொல்லிக் கோர்ட் சம்மன் அனுப்பும். நீங்களே நோட்டரி போடப் போகும்போது, பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வராதீர்கள்.

10. வாட்ஸ்அப்ல ஆதார் அனுப்பினா போதும், நோட்டரி போட்டு கூரியர்ல வந்துடும்னு சொல்றாங்களே?

வேண்டாம். ஆள் எதிரில் வந்து கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தானே நோட்டரி சாட்சி? ஆளே வராவிட்டால் அந்தச் சாட்சி பொய். டைப்பிங் சென்டரில் முன்கூட்டியே சீல் குத்திய தாள்களை அடுக்கி வைத்திருப்பதும் இதே கதைதான். அன்றைக்கு இருநூறோ முந்நூறோ மிச்சம், ஒரு அலைச்சல் மிச்சம். ஆனால் எதிராளி வக்கீல், "அன்று நீங்கள் நோட்டரி முன்னால் ஆஜரானீர்களா?" என்று கூண்டில் ஏற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வீடியோ காலில் முகத்தைக் காட்டிப் போடலாம் என்பதற்கும் நம் நோட்டரிகள் சட்டத்தில் வழிமுறை எதுவும் வகுக்கப்படவில்லை. நடக்க முடியாத வயதானவர் என்றால் நோட்டரியை வீட்டுக்கே அழைத்து வரலாம். அவருடைய பகுதிக்குள் வீடு இருந்தால் சரி.

11. எனக்கு ஊர் மதுரை. சென்னை நோட்டரிகிட்ட போட்டா செல்லுமா?

நீங்கள் சென்னைக்குப் போய் அவர் ஆபீசில் போட்டால் செல்லும். பகுதிக் கட்டுப்பாடு நோட்டரிக்குத்தான், உங்களுக்கு இல்லை. சென்னைக்கு மட்டும் நியமிக்கப்பட்டவர் மதுரைக்கு வந்து மேஜை போட்டுப் போடுவதுதான் தவறு. சீலில் ஒரு ஊர், 'இடம்' என்ற வரியில் வேறு ஊர் என்று இருந்தால் காரணம் கேளுங்கள். சரியாகப் போட்ட பத்திரத்தை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் காட்டலாம்.

12. தாளைக் கையில வச்சுக்கிட்டு நானே என்னென்ன பார்க்கலாம்?

தேதிகளில் தொடங்குங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கம் ஸ்டாம்ப் வெண்டர் எழுதிய விற்பனைத் தேதியும் வாங்கியவர் பெயரும் இருக்கும். அந்தத் தேதிக்கு முந்தின தேதியில் கையெழுத்தும் நோட்டரியும் இருந்தால் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிடலாம். வாங்காத தாளில் யாரும் எழுத முடியாது. இ-ஸ்டாம்ப் என்றால் அதிலுள்ள சான்றிதழ் எண்ணை ஸ்டாக் ஹோல்டிங் கார்ப்பரேஷன் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர், தொகை, தேதி எல்லாம் வந்துவிடும்.

அப்புறம் பக்கங்கள். எல்லாப் பக்கத்திலும் கட்சிக்காரர் கையெழுத்து இருக்கிறதா? கடைசிப் பக்கத்தில் மட்டும் சீல், நடுப் பக்கங்களில் ஒன்றும் இல்லை என்றால் நடுவில் ஒரு தாளை மாற்றிவிடுவது சுலபம். எழுத்துரு, வரி இடைவெளி, தாளின் நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்டேப்ளர் துளை இரண்டு ஜோடி இருந்தால் ஒரு முறை பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடித்தல் திருத்தலில் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். காலி இடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடைத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் மூலப் பத்திரத்தில்தான் பார்க்க முடியும். ஜெராக்ஸைக் காட்டி முன்பணம் கேட்டால், மூலம் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

13. ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி ஆறு மாசம் ஆனா செல்லாதுன்னு சொல்றாங்களே?

தவறு. முத்திரைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் வரும் ஆறு மாதம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. பயன்படுத்துவதற்குக் கெடு இல்லை என்று 2008-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மிகப் பழைய தாள், அதுவும் வேறு யார் பெயரிலோ வாங்கியது என்றால், பின்தேதியிட்டு எழுதினார்களோ என்று சந்தேகப்பட இடம் உண்டு. அப்போது 9-ஆவது கேள்வியில் சொன்ன பதிவேடுதான் தீர்த்து வைக்கும்.

14. ஓத் கமிஷனர் சீலும் நோட்டரி சீலும் ஒண்ணுதானா?

ஒன்றில்லை. ஓத் கமிஷனர் கோர்ட்டில் தாக்கல் செய்யும் அஃபிடவிட்டுக்கு சத்தியம் வாங்குகிறவர். நோட்டரியின் வேலை அதைவிட விரிந்தது: பத்திரத்தைச் சான்றுறுதி செய்வது, மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது, உண்டியலையும் (இன்னாருக்குப் பணம் கொடு என்று எழுதித் தரும் மாற்றுச் சீட்டு) பிராமிசரி நோட்டையும் பணம் கேட்டு முன்வைப்பது எல்லாம் அதில் சேரும். கேட்கிற இடம் 'நோட்டரி' என்று எழுதியிருந்தால் நோட்டரியிடம் போங்கள். வெறும் மார்க்‌ஷீட் நகல் என்றால் பல அலுவலகங்களில் உங்கள் சொந்தக் கையொப்பமே போதும். கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.

15. நிலத்துக்கு முழுப் பணமும் கொடுத்தாச்சு. நோட்டரி போட்ட அக்ரிமென்ட் இருக்கு. இடம் என்னுதுதானே?

இதற்குப் பதில் சொல்லும்போதெல்லாம் மனது கஷ்டப்படுகிறது. நிலம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்து பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் கைமாறும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு சொல்கிறது. நோட்டரி சீல் எத்தனை இருந்தாலும் அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கு ஈடாகாது. வில்லங்கச் சான்றிலும் வராது. விற்றவர் நாளைக்கே இன்னொருவருக்குப் பதிவு செய்து கொடுத்தால் அந்தச் சான்றில் அவர் பெயர்தான் ஏறும். பவர், அக்ரிமென்ட், உயில் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு 'வாங்கியாச்சு' என்று நினைப்பதும் செல்லாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே. 2012 டிசம்பர் 1 முதல் நிலம் விற்பதற்கான அக்ரிமென்ட்டையே பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் விட்டவர்கள் நம்பிக்கை இழந்துவிட வேண்டாம்: கிரயம் செய்து தரச் சொல்லிப் போடும் வழக்கில் அப்படிப்பட்ட அக்ரிமென்ட்டையும் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வழக்குக்குக் காலக்கெடு உண்டு. உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

16. ஒருத்தர் நோட்டரி போட்ட பவர் வச்சுக்கிட்டு அவங்க அண்ணன் நிலத்தை விக்க வர்றார். நம்பலாமா?

அண்ணன் இந்தியாவில் இருக்கிறார் என்றால் அந்தப் பவரை வைத்து அவர் பதிவு செய்து தர முடியாது. பத்திரம் பதிவதற்குப் பயன்படும் பவர், பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி சார்பதிவாளர் முன்னால் எழுதி உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நிலம் சம்பந்தப்பட்ட பவரைப் பதிவு செய்வதும் 15-இல் சொன்ன அதே 2012 திருத்தத்தால் கட்டாயம்.

நோட்டரி முன்னால் எழுதிச் சான்றுறுதி செய்த பவரைக் கோர்ட் உண்மையானது என்று அனுமானித்துக்கொள்ளும் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. பழைய சட்டத்தில் 85, 2024 ஜூலை முதல் நடக்கும் புதிய சட்டத்தில் 84. பவர்காரர் அதைச் சொல்லி வாதாடுவார். அந்த அனுமானம் கையெழுத்தைப் பற்றியது, அதையும் எதிர்ச் சாட்சியத்தால் உடைக்கலாம். பதிவு வேண்டும் என்ற கட்டாயத்தை அது தூக்கிவிடாது. அண்ணனிடமே ஒரு போன் பேசிவிடுங்கள்.

17. என் பையன் துபாய்ல இருக்கான். அவன் அனுப்புற பவரை எப்படிச் சரிபார்க்கிறது?

வெளிநாட்டில் இருப்பவருக்கு 33-ஆம் பிரிவே வழி விட்டிருக்கிறது: அங்குள்ள நோட்டரி, நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி, இவர்களில் ஒருவர் முன்னால் எழுதலாம். என் கட்சி எப்போதும் தூதரகம்தான். இங்கே வந்த பிறகு கேள்வி குறைவு. தூதரக முத்திரை, அதிகாரியின் பெயர், பதவி, தேதி, வரிசை எண், ஒவ்வொரு பக்கத்திலும் பையன் கையெழுத்து, ஒட்டிய போட்டோ எல்லாம் இருக்கிறதா பாருங்கள்.

வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். வந்த தேதிக்குச் சாட்சியாகக் கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

18. அப்போஸ்டில் ஸ்டிக்கர் இருந்தா முழுசா நம்பலாமா?

1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி ஒரு நாடு தன் அதிகாரியின் கையெழுத்தையும் முத்திரையையும் இன்னொரு நாட்டுக்கு உறுதி செய்து கொடுப்பதுதான் அப்போஸ்டில். இந்தியாவுக்கு இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் வெளியுறவு அமைச்சகம் தருகிறது. சிங்கப்பூர் 2021-லும் கனடா 2024-லும் சேர்ந்தன. ஐக்கிய அரபு அமீரகம் சேரவில்லை. அதனால்தான் துபாய்க்குப் போகும் தாளுக்குத் தூதரகச் சான்று தனியாகக் கேட்கிறார்கள்.

ஸ்டிக்கரில் ஒரு எண் இருக்கும். அதை வழங்கிய நாட்டின் இணையப் பதிவேட்டில் போட்டு, தேதியும் பெயரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அது கையெழுத்துக்குத்தான் உறுதி, உள்ளடக்கத்துக்கு இல்லை. 2-ஆவது கேள்வியில் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்.

19. யாழ்ப்பாணத்துல எங்க மாமா நொத்தாரிசு முடிச்ச உறுதி வச்சிருக்கார். அதுவும் செல்லாதா?

அது செல்லும், அங்கே சட்டமே வேறு. நோட்டரியை அங்கே நொத்தாரிசு என்றும், பத்திரத்தை உறுதி என்றும், நிலத்தைக் காணி என்றும் சொல்வார்கள். இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதினால்தான் செல்லுபடியாகும். உறுதியை எழுதி முடிப்பதே நொத்தாரிசின் வேலை. அவர் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே உறுதியின் எண்ணையும் தேதியையும் கொண்டு அந்தப் பகுதிக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

20. வாடகை அக்ரிமென்ட்டுக்கு நோட்டரி போட்டா போதுமா?

போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினோரு மாதம் என்று போட்டாலும் அதிலிருந்து தப்ப முடியாது. நோட்டரி கூடுதல் சாட்சி, அவ்வளவுதான்.

21. நோட்டரிகிட்ட கையெழுத்துப் போட்டு கல்யாணம் பண்ணிக்கிட்டோம். பதிவுத் திருமணம்தானே இது?

இல்லை. திருமணத்தை நடத்தி வைக்கவோ விவாகரத்துக் கொடுக்கவோ நோட்டரிக்கு அதிகாரம் கிடையாது. இப்படிப்பட்ட பத்திரங்களில் ஈடுபடக் கூடாது என்று மத்திய சட்ட விவகாரத் துறை 2024 அக்டோபரில் நோட்டரிகளுக்கு எழுத்தில் அறிவுறுத்தியது. பொருந்துகிற சட்டப்படி திருமணம் செய்துகொண்டு பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். நோட்டரி 'விடுதலைப் பத்திரத்தை' நம்பி மறுமணம் செய்துகொண்டால் சிக்கல் இரட்டிப்பாகும். குறிப்பாகப் பெண்கள் இந்தத் தாளை நம்பி உரிமையை இழந்துவிடக் கூடாது.

22. போலின்னு உறுதியாத் தெரிஞ்சுபோச்சு. யார்கிட்ட போறது?

இரண்டு விதம் உண்டு. நோட்டரியே இல்லாத ஒருவர் நோட்டரி என்று நடித்திருந்தால், அல்லது உண்மையான நோட்டரியின் சீலைப் போலியாகச் செய்திருந்தால் போலீசில் புகார். நோட்டரிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு வேடம் போடுவதைக் குற்றமாக்குகிறது. போலி ஆவணம், போலி முத்திரைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 336, 340, 341 பிரிவுகள் இருக்கின்றன. மூலத்தைக் கொடுக்கும்போது கலர் நகல் எடுத்துக்கொண்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையான நோட்டரியே ஆள் வராமல் போட்டிருந்தால், அவரை நியமித்த அரசுக்கு விதிகளில் சொன்ன 13-ஆம் படிவத்தில் புகார் கொடுக்கலாம். விசாரித்து, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் வரை போகலாம். நோட்டரி என்ற முறையில் செய்த காரியத்துக்காக அவர்மேல் குற்ற வழக்கு என்றால், அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர் எழுத்தில் புகார் தந்தால்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்று 13-ஆம் பிரிவு இருக்கிறது. பலர் இது தெரியாமல் நேரே கோர்ட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள்.

23. சீல் அவரோடதுதான். ஆனா 'நான் போடலை'ங்கிறார். இப்ப என்ன பண்றது?

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, பத்திரத்தின் நகலை இணைத்து, அந்த எண்ணில் அவர் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அந்த எண்ணில் வேறு பெயர் இருந்தால் அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம்; யாரோ சீலைத் திருடியோ செய்தோ பயன்படுத்தியிருக்கிறார்கள், அவரும் புகார் கொடுக்க வேண்டியவர்தான். அந்த வரியில் உங்கள் பெயரும் கையெழுத்தும் இருந்தால் அவர் மறுப்பு நிற்காது. அவர் கொடுத்த ரசீது இருந்தால் இன்னும் நல்லது.

24. அப்பா காலத்துப் பத்திரம். நோட்டரியும் இறந்துட்டார், ஆபீசும் இல்லை. எப்படி உறுதிப்படுத்துறது?

முதலில் அந்த ஆண்டில் அவர் நோட்டரியாக இருந்தாரா என்று நிறுவுங்கள். அந்த ஆண்டு அரசிதழ்ப் பட்டியலும் 5-இல் சொன்ன மனுவும் உதவும். ஒவ்வொரு நோட்டரியும் முந்தின ஆண்டில் செய்த காரியங்களின் கணக்கை ஜனவரியில் அரசுக்கு அனுப்ப வேண்டும். அது கோப்பில் இருக்கிறதா என்றும் அதே மனுவில் கேளுங்கள். அவர் குடும்பத்திலோ, அவரிடம் ஜூனியராக இருந்த வக்கீலிடமோ பழைய பதிவேடுகள் இருக்கக் கூடும். விசாரித்துப் பாருங்கள்.

அதே காலத்தில் அவர் போட்ட வேறு பத்திரங்கள் கோர்ட் கட்டிலோ பாங்கிலோ இருந்தால், கையெழுத்தையும் சீலையும் ஒப்பிட அவை பயன்படும். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால், அவருக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே வக்கீலிடம் அழைத்துப் போய் வாக்குமூலம் எழுதி வாங்கி வையுங்கள்.